முறை வைப்பதா, மாத்திரையா, பயிற்சியா? புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தையின் தாய்க்குத் தூக்கம் தரும் வழிகள்

குழந்தைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கும்போது தாயைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியம் ஒன்று உண்டு: "நீயும் கொஞ்சம் தூங்கம்மா, உடம்பு என்னத்துக்கு ஆகும்." சொல்கிறவர்களின் அக்கறையைக் குறை சொல்ல முடியாது. எப்போது தூங்குவது, எங்கே தூங்குவது, அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. மற்றபடி அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. பகலில் தூங்கு என்பார் ஒருவர், பகலில் தூங்கினால் இரவுத் தூக்கம் கெடும் என்பார் இன்னொருவர். அரை மாத்திரை போட்டுக்கொள் என்பார் ஒருவர், மாத்திரையின் பக்கமே போகாதே என்பார் மற்றவர். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குச் சரியான அறிவுரைதான். எது யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதில்தான் சிக்கல்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றிரவு நீங்கள் முழுமையாக நம்பும் ஒருவர் குழந்தையின் அருகில் இருக்கிறார். நீங்கள் வேறோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறீர்கள். தூக்கம் வருமா?

"தலையைச் சாய்த்தால் போதும், தூங்கிவிடுவேன்" என்பது பதிலானால், உங்கள் தூக்கத்தில் கோளாறு எதுவும் இல்லை. தூங்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். "அப்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பேன்" என்பது பதிலானால், அது தூக்கமின்மை. வாய்ப்பு இருந்தும் வாரத்துக்கு மூன்று இரவுகளாவது தூக்கம் வராமலோ நடுவில் கலைந்தோ போவது, அந்த நிலை மூன்று மாதங்கள் நீடிப்பது, பகல் வேலையும் அதனால் கெடுவது ஆகியவை சேர்ந்தால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதும் சகஜம். ஆனால் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். முதலாவதற்கு மருந்தாக அமைவது இரண்டாவதைப் பெருக்கிவிடக்கூடும். பகல் தூக்கம் அதற்குத் தெளிவான உதாரணம்.

இரவு ஏன் உடைகிறது

சிறுவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சை ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. "கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொள்" என்ற ஆறுதல் செல்லாததற்கு இந்தக் கணக்கே போதும்.

வார்டில் இரவு உடைவதற்கு மருத்துவக் காரணங்கள் இருக்கின்றன. சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு போன்ற மருந்துகள் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக்கூடியவை. அதிக அளவில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. அதனால் டிரிப்ஸ் வழியாக நிறையத் திரவம் ஏற்றுகிறார்கள். குழந்தை இரவு முழுவதும் சிறுநீர் கழிக்க எழுகிறது. ஒவ்வொரு முறையும் அளவைக் குறிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டின் நச்சை முறிக்கத் தரும் ஃபோலினிக் அமிலத்துக்குப் பெரும்பாலும் ஆறு மணி நேரக் கணக்கு. அதற்கு நள்ளிரவு, விடியற்காலை என்ற பேதம் கிடையாது. இடையில் டிரிப்ஸ் பம்ப் அலறும். காய்ச்சலும் ரத்த அழுத்தமும் பார்க்க நர்ஸ் வருவார். போதாததற்குப் படுக்கையும் நமதல்ல. புது இடத்தில் கழிக்கும் முதல் இரவில் மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருப்பதாக 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நலமான இளைஞர்களை அமைதியான ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்ததே அப்படி என்றால், வார்டு நாற்காலியில் கிடைப்பது கோழித்தூக்கமாக இருப்பதில் வியப்பில்லை.

வீட்டுக்கு வந்தால் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுக்கும் நாட்களில் குழந்தை நள்ளிரவில் பசிக்கிறது என்று எழும், காரணமில்லாமல் அழும், சிடுசிடுக்கும். கவுண்ட், அதாவது ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, குறைந்திருக்கும் நாட்களிலோ காய்ச்சல் பயம். அந்த நேரத்துக் காய்ச்சல் உண்மையிலேயே அவசரநிலை. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற வேண்டும் என்பதைப் பல நாடுகளின் புற்றுநோய் மையங்கள் இலக்காக வைத்திருக்கின்றன. ஆகவே நெற்றியைத் தொட்டுப் பார்க்க எழும் தாயிடம் "தேவையில்லாமல் பயப்படுகிறாய்" என்று சொல்வதில் நியாயமில்லை. அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. கீழே வரும் வழிகளை எடைபோடும்போது இதை மறக்கக் கூடாது. சாதாரணத் தூக்கமின்மைக்கு எழுதப்பட்ட அறிவுரைகள், எழுந்திருக்கத் தேவையே இல்லாத ஆளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

முறை வைத்துக் கண்விழிப்பது

தூங்க நேரம் கிடைக்காதவருக்கு நேரத்தைத் தருவதுதான் மருந்து. இதைவிட நேரடியான வழி வேறில்லை, இதைவிடக் குறைவாகக் கையாளப்படும் வழியும் இல்லை. முறை வைப்பதை இரண்டு விதமாகச் செய்யலாம்: ஒரே இரவை இருவர் பங்கிட்டுக்கொள்வது, அல்லது ஆளுக்கு ஒரு முழு இரவு.

பங்கிடும் முறையில் ஒருவர் இரவு ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை தூங்குகிறார், மற்றவர் இரண்டிலிருந்து ஏழு வரை தூங்குகிறார். ஐந்து மணி நேரம் குறைவுதான். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பதே தூக்க மருத்துவச் சங்கங்களின் பரிந்துரை. ஆனால் ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பகுதி தூக்கத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே வந்துவிடுகிறது. எட்டு மணி நேரம் படுத்து ஏழு முறை எழுவதைவிட, ஐந்து மணி நேரம் இடையூறின்றித் தூங்குவது மேல். இன்னொரு நன்மையும் உண்டு. மொத்தத் தூக்கம் சிதறினாலும், நாள்தோறும் ஒரே நேரத்தில் நான்கு மணி நேரமாவது தூங்கினால் உடலின் கடிகாரம் பெருமளவு நிலைபெறுகிறது என்பது 1980-களின் தொடக்கத்திலேயே ஆய்வில் தெரியவந்தது. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம்: முன்னிரவு யாருடையதோ அது தினமும் அவருடையதாகவே இருக்கட்டும். நியாயம் பார்க்கிறோம் என்று வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டால் இருவரின் உடம்பும் எந்த நேரத்துக்கும் பழகாது.

ஆளுக்கொரு முழு இரவு என்பது வேறு கணக்கு. மருத்துவமனையில் இரவு இரண்டு மணிக்கு ஆள் மாற விடமாட்டார்கள், போக்குவரத்தும் இருக்காது. அங்கே இதுவே நடக்கக்கூடிய வழி. ஆனால் கண்விழித்தவர் மறுநாள் பகலில் தூங்க முடிந்தால்தான் இது முறை. இரவு விழித்தவர் காலையில் நேராக வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவதென்றால் அது ஆபத்து. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகின்றன என்று 1997-இல் வெளியான ஆய்வு சொன்னது. இருபத்து நான்கு மணி நேரம் விழித்தால் அது 0.10 சதவீதத்தை ஒட்டிப் போகிறது.

"எனக்குப் பழகிவிட்டது" என்று சொல்கிறவர்களுக்கு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல பதில். இரண்டு வாரங்கள் தினமும் ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனக்குறைவு, ஒரு இரவோ இரண்டு இரவுகளோ தூங்காதவர்களின் நிலைக்குச் சரிந்தது. ஆனால் தாங்கள் அந்த அளவுக்குச் சோர்ந்திருப்பதாக அவர்கள் உணரவில்லை. தூக்கம் கெட்ட மூளைக்குத் தன் நிலையை அளக்கத் தெரிவதில்லை. மாத்திரையைப் பிரித்து மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டிய வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. "அவர் காலையில் வேலைக்குப் போக வேண்டும், தூங்கட்டும்" என்று கணவருக்கு இரவை முழுதாக விட்டுக்கொடுக்கும் வீடுகளில், தாய்க்கும் காலையில் வேலை இருக்கிறது, அதில் தவறினால் திருத்த முடியாது என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

முறை வைப்பதில் ஆள் கிடைக்காததைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. ஆள் கிடைத்தாலும் தாயால் விட முடியாது. பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிவைத்திருப்பார். இதற்கு அறிவுரை உதவாது, ஒரு தாள் உதவும். எத்தனை டிகிரி காட்டினால் மருத்துவமனையை அழைக்க வேண்டும், எந்த எண்ணில், அடுத்த மருந்து எத்தனை மணிக்கு, தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது, எந்தெந்தக் காரணத்துக்கு மட்டும் தாயை எழுப்ப வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காய்ச்சலுக்கான எல்லை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்கள் மருத்துவர் சொன்ன எண்ணையே எழுதுங்கள். எழுப்ப வேண்டிய நேரத்தில் கட்டாயம் எழுப்புவார்கள் என்ற உறுதி வந்தபின்தான் காது ஓய்வெடுக்கும். தூங்குகிறவர் குழந்தை இருக்கும் அறையில் படுக்கக் கூடாது. படுத்தால் முறை வைத்ததன் பாதிப் பயன் போய்விடும்.

தனியாக நிற்கும் தாய்க்கு இந்த வழி கைக்கு எட்டாததாகத் தோன்றலாம். தினமும் ஆள் கிடைக்காவிட்டால் வாரத்துக்கு இரண்டு இரவுகளாவது கேட்டுப் பெறலாம். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்" என்று போகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்: செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை வந்து உட்கார முடியுமா? இப்படி நாளும் மணியும் சொல்லிக் கேட்டால், நழுவுகிறவர்கள் நழுவிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் உண்மையில் வருவார்கள்.

பகலில் கண்ணயர்வது

தூங்க நேரம் கிடைக்காதவருக்குப் பகல் தூக்கம் குற்றமே இல்லை. நடுப்பகலுக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள் உடல் இயல்பாகவே தளர்கிறது. அப்போது இருபது நிமிடம் கண்ணயர்ந்தால் கவனம் மீளும். நீண்ட தூர விமானிகளிடம் நாசா நடத்திய ஆய்வில் நாற்பது நிமிட வாய்ப்புக் கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 26 நிமிடங்கள் தூங்கினார்கள். பிந்தைய மணிநேரங்களில் அவர்களின் விழிப்பு நிலை தூங்காதவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. முக்கால் மணி, ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த உறக்கத்தின் நடுவில் எழ நேரும். அப்படி எழுந்தால் அரை மணி நேரமாவது தலை கனக்கும், அந்த நேரத்தில் மருந்து கலக்கக் கூடாது. ஆகவே இருபது நிமிடம், அல்லது வாய்ப்பிருந்தால் ஒரு முழுத் தூக்கச் சுற்றாக ஒன்றரை மணி நேரம்.

மேலே கேட்ட கேள்விக்கு "கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்" என்று பதில் சொன்னவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்துக்கான உந்துதல் உடலில் சேர்கிறது. 1982-இல் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பேலி முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் தூக்க அறிவியலின் அடித்தளம். பகலில் தூங்கினால் அந்தச் சேமிப்பு கரைகிறது, இரவு மேலும் நீள்கிறது.

வார்டில் கேட்டுப் பெறக்கூடியவை

இதை ஒரு வழியாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் பார்வையில் முதல் நாளிலேயே முயன்று பார்க்க வேண்டியது இது, செலவும் இல்லை. நள்ளிரவுப் பரிசோதனையையும் மருந்தையும் ஒரே வருகையில் முடிக்க முடியுமா? டிரிப்ஸ் பையைத் தீரும் முன்பே, பத்து மணிக்கே மாற்றிவிட முடியுமா? திரவம் ஏற்றுவதை மாலைக்குப் பதில் காலையில் தொடங்க முடியுமா? ஸ்டீராய்டின் இரண்டாவது வேளையை இரவுக்குப் பதில் பிற்பகலில் கொடுக்கலாமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்ற பதில் வராது. சிலவற்றை நகர்த்தவே முடியாது என்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கும், அப்போது விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் நீங்களாக எந்த மருந்தின் நேரத்தையும் மாற்றாமல், கேட்டு மாற்றுவதில் இழப்பு எதுவும் இல்லை. ஒரு வருகை குறைந்தாலும் ஒரு முழுத் தூக்கச் சுற்று மிச்சம்.

சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்லத் தயங்க வேண்டாம். நோயாளிகளின் அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இலேயே சொல்லிவிட்டது. கிசுகிசுப்பின் அளவு அது. காதடைப்பானை மட்டும் யோசித்துப் பயன்படுத்துங்கள்: குழந்தையின் அருகில் வேறொருவர் விழித்திருக்கும்போது சரி, தனியாக இருக்கும்போது வேண்டாம்.

மாத்திரை

தூங்க நேரம் கிடைக்காதவருக்குத் தூக்க மாத்திரை கொடுப்பது, சாப்பாடு கிடைக்காதவருக்குப் பசி தூண்டும் மருந்து கொடுப்பது போன்றது. இரவு இரண்டு மணிக்கு எழுந்தாக வேண்டியவரை மயக்கத்தோடு எழவைப்பது ஒன்றே அதனால் நடக்கும். ஆகவே மாத்திரை பற்றிய பேச்சு இரண்டாவது வகைத் தாய்க்கு மட்டுமே பொருந்தும். அவருக்கும் அது குறுகிய காலத்துக்குத்தான்.

அந்தக் குறுகிய காலம் எப்போது? நோய் என்னவென்று தெரிந்த முதல் வாரங்களில், சுற்றிலும் ஆள் இருக்கும்போது, சில இரவுகளுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து ஒரு தாயைக் கரை சேர்க்கலாம். இதை அவமானமாக நினைப்பவர்கள் அதிகம். நினைக்கத் தேவையில்லை. ஆனால் நிபந்தனை ஒன்று இருக்கிறது: மாத்திரை போட்ட இரவு, குழந்தைக்குக் காது கொடுப்பது வேறொருவரின் பொறுப்பு. அப்படி ஒருவர் இல்லாவிட்டால் அந்த இரவு மாத்திரை இல்லை. தாய்ப்பால் கொடுப்பவர், கருவுற்றிருப்பவர், குறட்டையோடு மூச்சுத் தடைபடுபவர் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வகைக்கு வகை குணம் மாறுகிறது. சோல்பிடெம் விரைவில் தூக்கம் தரும், விரைவில் உடலைவிட்டு நீங்கும். ஆனால் பெண்களின் உடல் அதை மெதுவாகவே வெளியேற்றுகிறது என்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான சாதாரண மாத்திரையின் அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக 2019-இல் அதன் பெட்டியில் கடும் எச்சரிக்கையையும் சேர்த்தது. லோராசெபாம், அல்பிரசோலாம் போன்றவை பதற்றத்தையும் தணிப்பதால் சுகமாகத் தெரியும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் பழக்கமாகிவிடும்; திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். குழந்தையின் குமட்டலுக்காக லோராசெபாம் வீட்டிலேயே இருக்கக்கூடும், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வது கூடாது. உங்கள் மாத்திரையும் குழந்தையின் மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருப்பதும் கூடாது.

கடையில் எளிதாகக் கிடைக்கும் அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் கீழே வைப்பேன். சில நாட்களிலேயே அதன் தூக்கம் தரும் குணம் மங்கிவிடுகிறது, மறுநாள் மந்தம் மட்டும் மிஞ்சுகிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதையும் மெலடோனினையும் பரிந்துரைப்பதில்லை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

பயிற்சி

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மருந்து அல்ல, அறிவாற்றல்–நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இலும் ஐரோப்பியத் தூக்க ஆய்வுச் சங்கம் 2017-இலும் அறிவித்தன. சுருக்கமாக சிபிடி-ஐ என்பார்கள். வழக்கமாக நான்கிலிருந்து எட்டு அமர்வுகள். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சி இது, மந்திரம் எதுவும் இல்லை. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதைச் செய்தவர்கள் சராசரியாக 19 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், நடு இரவில் விழித்துக் கிடக்கும் நேரம் 26 நிமிடம் குறைந்தது. கேட்பதற்குச் சிறிய எண்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தியதும் போய்விடும் பயனைப் போலன்றி, பயிற்சி முடிந்த பிறகும் இது நிற்கிறது.

இதன் முதுகெலும்பு இரண்டு விதிகள். ஒன்று, ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் வகுத்தது: தூக்கம் வந்தால் மட்டுமே படுக்கைக்குப் போ, வராவிட்டால் எழுந்து வேறிடம் போ, எந்த இரவாக இருந்தாலும் ஒரே நேரத்துக்கு எழு. மற்றது ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1987-இல் முன்வைத்த படுக்கை நேரக் கட்டுப்பாடு. ஒன்பது மணி நேரம் படுத்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறவர், முதலில் ஐந்தரை மணி நேரம் மட்டுமே படுக்க வேண்டும். தூக்கம் இறுகியபின் கால் கால் மணி நேரமாகக் கூட்ட வேண்டும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை.

சிக்கல் தெரிகிறதா? கீமோவுக்கு இடைப்பட்ட நாட்களில் நான்கு முறை எழும் தாயின் படுக்கை நேரத்தை இன்னும் குறைத்தால், முதல் வாரங்களில் பகல் சோர்வு ஆபத்தான அளவுக்குப் போகும். அவர் வண்டி ஓட்டுகிறவரானால், அல்லது வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவரானால், அறவே கூடாது. தூக்கம் வராவிட்டால் அறையைவிட்டு வெளியே போ என்பதும், டிரிப்ஸ் ஓடும் குழந்தையின் அருகில் இருப்பவருக்குச் சொல்லக்கூடிய விதி அல்ல. ஆகவே தீவிர சிகிச்சைக் கட்டத்தில் முழுப் பயிற்சியைத் தொடங்குவதற்கு நான் எதிரானவன். அதிலிருந்து சில பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எழும் நேரத்தை முடிந்தவரை நிலையாக வைப்பது. வெளியே போவதற்குப் பதில், கட்டிலைவிட்டு நாற்காலிக்கு மாறி உட்காருவது. மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, மனத்தில் ஓடும் கவலைகளையும் நாளை மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றையும் எழுதி வைப்பது. மெதுவாக மூச்சுவிட்டுத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி.

கவலையைக் கையாளும் பகுதியிலும் ஒரு திருத்தம் தேவை. வழக்கமான பயிற்சியில் "நீங்கள் பயப்படுவது நடக்குமா?" என்று கேட்டுப் பயத்தை எடைபோடச் சொல்வார்கள். இந்தத் தாயின் பயம் நடக்கக்கூடியது. எனவே பயத்தோடு வாதிடாமல், அதற்கு ஓர் எல்லை போடுவதே நல்லது. எத்தனை மணிக்கு ஒருமுறை காய்ச்சல் பார்த்தால் போதும் என்று குழந்தையின் மருத்துவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். மற்ற நேரங்களில் நெற்றியைத் தொடுவது குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்புத் தருவதில்லை, இருவரையும் எழுப்புகிறது.

முழுப் பயிற்சிக்குச் சரியான காலம், தீவிர கீமோ முடிந்தபின் லேசான மருந்துகள் தொடரும் பராமரிப்புக் கட்டமும் சிகிச்சை முடிந்தபின் வரும் மாதங்களும். வினோதம் என்னவென்றால், பல தாய்மார்களுக்குத் தூக்கமின்மை தனிப்பிரச்சினையாக வெளியே தெரிவதே அப்போதுதான். குழந்தை நிம்மதியாகத் தூங்குகிறது, பம்ப் இல்லை, நர்ஸ் இல்லை, ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. ஸ்பீல்மன் இதற்கும் விளக்கம் தந்தார்: தூக்கமின்மையைத் தொடங்கி வைத்த காரணம் விலகினாலும், அதைச் சமாளிக்க நாம் பழகிக்கொண்டவை அதைத் தொடர வைக்கின்றன. சீக்கிரமே படுப்பது, படுக்கையிலேயே கைப்பேசி, பகலில் துண்டு துண்டாகத் தூக்கம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இந்த நிலைக்குச் சிபிடி-ஐ அளவுக்குப் பொருத்தமான வேறு வழி இல்லை. நேரில் பயிற்றுநர் கிடைக்காத இடங்களில் இணைய வழிப் பயிற்சியும் பயன் தருகிறது. குழந்தையின் பரிசோதனைக்கு முந்தைய இரவுகள் மட்டும் எந்தப் பயிற்சிக்கும் அடங்காமல் போகலாம். அந்த இரவுகளைத் தோல்விக் கணக்கில் எழுதத் தேவையில்லை.

மற்றவை

அறையை இருட்டாக வை, திரையைப் பார்க்காதே, வெதுவெதுப்பான நீரில் குளி போன்ற பொதுக் குறிப்புகளால் கெடுதல் இல்லை. தனியாக அவற்றை மட்டும் சிகிச்சையாகத் தருவதை 2021-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் ஏற்கவில்லை. காபி விதிவிலக்கு. படுக்க ஆறு மணி நேரம் முன்பு குடித்தாலும் அதிக அளவு காஃபீன் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தைப் பறிப்பதாக 2013-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. வார்டு வாழ்க்கை காபியில் ஓடுகிறது என்பதால், பிற்பகலுக்குப் பின் அதைக் குறைப்பது உண்மையிலேயே பயன் தரும். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரங்களை இந்தக் காலத்தில் கழற்றி வைப்பது மேல். எவ்வளவு குறைவாகத் தூங்கினோம் என்பதைக் காலையில் எண்ணாகப் பார்ப்பதால் யாருக்கும் தூக்கம் வந்ததில்லை.

எந்தக் கட்டத்தில் எது

நோய் தெரிந்த முதல் வாரங்களில்: முறை வைப்பது, வார்டில் கேட்டுப் பெறுவது. தேவைப்பட்டால் மருத்துவர் மேற்பார்வையில் சில இரவுகளுக்கு மாத்திரை. தீவிர கீமோ மாதங்களில்: முறை வைப்பதும் பகல் தூக்கமுமே முதன்மை, பயிற்சியின் எளிய பகுதிகள் துணைக்கு. ஸ்டீராய்டு நாட்கள் முன்கூட்டியே தெரியும் என்பதால், கிடைக்கும் உதவியை அந்த இரவுகளுக்கென்று சேர்த்து வைக்கலாம். பராமரிப்புக் கட்டத்திலும் அதற்குப் பின்னும்: பகல் தூக்கத்தை விட்டுவிட்டு முழுப் பயிற்சி. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், சிகிச்சை நடக்கும் காலம் முழுவதற்கும் நான் முறை வைப்பதையே சொல்வேன். மற்ற எல்லா வழிகளும் அது இருந்தால்தான் வேலை செய்கின்றன.

இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லாத சில நிலைகள் உண்டு. விடியுமுன் விழிப்பு வந்து எதிலும் பிடிப்பற்றுப் போவது, நோயைச் சொன்ன அந்த நாள் கனவாகத் திரும்பத் திரும்ப வருவது, வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டுவது ஆகியவை தூக்கப் பிரச்சினைகள் அல்ல. மன அழுத்த நோய்க்கும் பேரதிர்ச்சியின் பின்விளைவுக்கும் தனிச் சிகிச்சை இருக்கிறது. கடைசி எண்ணம் வந்தால் அன்றே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். பலத்த குறட்டை, இரவில் கால்களில் இனம் புரியாத துடிப்பு, படபடப்பு இருந்தால் மூச்சுத் தடை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது.

யாரிடம் சொல்வது என்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். வார்டில் இருக்கும் மருத்துவர்கள் எல்லாரும் குழந்தையின் மருத்துவர்கள். தாயின் பெயரில் அங்கே ஒரு கோப்பும் இல்லை. ஆனாலும் அவர்களிடம் சொல்லலாம். சிறுவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கென 2015-இல் வெளியான உளவியல்–சமூகப் பராமரிப்புத் தரங்களில், பெற்றோரின் மனநலத்தைத் தொடக்கத்திலிருந்தே கண்காணித்து உதவி கிடைக்கச் செய்வதும் ஒன்று. "சரியாகத் தூக்கமில்லை" என்று பொதுவாகச் சொன்னால் "இயல்புதான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "வாய்ப்பிருந்தும் தூங்க முடியவில்லை, வாரத்தில் இத்தனை இரவுகள், இத்தனை மாதங்களாக, நேற்று மருந்தின் அளவை மறந்துவிட்டேன்" என்று ஒரு வாரக் குறிப்போடு சொல்லுங்கள். எனக்கென்று ஒரு மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள் என்று அடுத்த வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள். அங்கே போகும்போது, குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் இரவில் எழ வேண்டிய நேரங்களையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.